டீச்சர் வேலைய விடல, ஆனா வகுப்புல இல்ல: இலங்கையில ஆசிரியர் தட்டுப்பாடு ஏன் தீரமாட்டேங்குது?

ஒரு பக்கம் கல்வி அமைச்சு இருக்கிற பத்தரமுல்ல இசுருபாயவுக்கு முன்னால பட்டதாரிகள் ஆசிரியர் நியமனம் கேட்டு வெயில்ல நிக்கிறாங்க, இன்னொரு பக்கம் மலையகத்துலயோ வன்னியிலயோ ஏதோ ஒரு ஸ்கூல்ல கணிதத்துக்கு ஆள் இல்ல எண்டு பெற்றோர் கேட்டை மூடிப் போராட்டம் பண்றாங்க. ரெண்டு செய்தியும் உண்மை. இதைப் பார்க்கிற ஆக்களுக்கு வர்ற கேள்வி நியாயமானது: வேலை கேட்டு இவ்வளவு பேர் நிக்கேக்க ஆள் இல்ல எண்டு எப்பிடிச் சொல்றீங்க?

பதில் என்னண்டா, நாங்க எப்பவும் நியமனத்தைப் பற்றித்தான் கதைக்கிறோம். எத்தனை பேருக்கு லெட்டர் குடுத்தாங்க, எந்த அமைச்சர் குடுத்தார், எந்த மண்டபத்துல குடுத்தார் எண்டு. லெட்டர் வாங்கின ஆள் அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருக்கிறார் எண்டு யாரும் தேடுறதில்ல. பிரச்சினை அங்கதான் இருக்கு, அதால அடிப்படையில இருந்தே பார்ப்போம்.

முதல்ல கணக்கு

இலங்கையில அரசாங்கப் பாடசாலை சுமார் 10,000 இருக்கு. மாணவர் கிட்டத்தட்ட 40 லட்சம், ஆசிரியர் 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல. வகுத்துப் பார்த்தா ஒரு டீச்சருக்கு 17 பிள்ளை அளவுதான் வருது. நம்ம மாதிரி வருமானம் உள்ள நாடுகளோட பார்த்தா இது ரொம்ப நல்ல கணக்கு.

அப்ப மொத்தத்துல ஆள் காணாம இல்ல, ஆள் இருக்கிற இடம்தான் பிழை. டவுன் ஸ்கூல்ல ஒரே பாடத்துக்கு தேவைக்கு மேல ஆள் இருக்கும், உள்ளுக்குள்ள இருக்கிற ஸ்கூல்ல ஒரு டீச்சரே கணிதம், விஞ்ஞானம், சுகாதாரம் மூண்டையும் பார்ப்பாங்க. பாட வாரியாவும் இதே கதைதான், கலைப் பட்டதாரிகள் நிறையப் பேர் வேலை இல்லாம இருக்கிறாங்க, ஆனா கணிதம், விஞ்ஞானம், இங்கிலிஷ், தொழில்நுட்பம் எண்டு வந்தா தமிழ் மீடியத்துல ஆள் தேடித் திரியணும். இசுருபாயவுக்கு முன்னால நிக்கிறவங்களையும் அங்க கணிதம் கேக்கிற பெற்றோரையும் நேரா சேர்த்துவிட ஏலாததுக்கு இதுதான் காரணம்.

இதுல நிர்வாகச் சிக்கல் ஒண்டும் இருக்கு. தேசிய பாடசாலைகள் எண்டு 400 அளவுல இருக்கு, அது நேரா கல்வி அமைச்சுக்குக் கீழ. மிச்சம் எல்லாம் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு மாகாண சபைகளுக்குக் கீழ. ஒரு மாகாணத்துல ஆள் கூட, பக்கத்து மாகாணத்துல ஆள் குறைவு எண்டா அந்த ஆளை அங்க அனுப்புறது ஒரே ஒபிஸ் பார்க்கிற வேலை இல்ல, ரெண்டு பக்கமும் சம்மதிக்கணும், ஃபைல் ரெண்டு இடத்துல கிடக்கும்.

ஆசிரியர் போறது நாலு வழியால

வெளிநாட்டு ஆய்வுகள்ல ஆசிரியர் இழப்பு எண்டா பெரும்பாலும் ராஜினாமா செய்து போறதுதான். யுனெஸ்கோ 2024ல வெளியிட்ட உலக அறிக்கையில ஆரம்பப் பாடசாலை ஆசிரியர்கள்ல வருஷா வருஷம் வேலைய விட்டுப் போறவங்க 2015ல 4.6 சதவீதம், 2022ல 9 சதவீதம் எண்டு இருக்கு. ஏழு வருஷத்துல ரெண்டு மடங்கு. 2030க்குள்ள உலகத்துக்கு இன்னும் 4 கோடி 40 லட்சம் ஆசிரியர் வேணும் எண்டும் அதே அறிக்கை சொல்லுது.

இலங்கையில ராஜினாமா கடிதத்தை எண்ணினா உண்மை தெரியாது. ஏன்டா இங்க அரசாங்க டீச்சர் லேசில ராஜினாமா செய்யமாட்டாங்க, பென்ஷன் இருக்கு. பத்து வருஷம் சேவை முடிச்சாத்தான் பென்ஷனுக்கு உரிமை வரும், அதைத் தாண்டினவங்க அறுபது வரைக்கும் எப்பிடியாவது இழுத்துப் பிடிச்சு நிக்கப் பார்ப்பாங்க. அதால இங்க போறது வேற மாதிரி நடக்குது:

1. இடமாற்றம். கஷ்டப் பிரதேசத்துல போட்ட ஆள், அங்க கட்டாயமா வேலை செய்யவேண்டிய காலம் முடிஞ்ச உடனே, சில வேளை அதுக்கும் முந்தியே, ஊர்ப்பக்கம் ட்ரான்ஸ்ஃபர் எடுத்துட்டுப் போயிருவாங்க. சேவையில இருக்கிறாங்க, அந்த ஸ்கூல்ல இல்ல.

2. இணைப்பு. சம்பளம் ஒரு ஸ்கூல்ல, வேலை இன்னொரு ஸ்கூல்ல, இல்லாட்டி வலயக் கல்வி ஒபிஸ்ல. பேப்பர்ல அந்த ஸ்கூலுக்கு ஆள் இருக்கு, அதால புது ஆள் கேக்கவும் ஏலாது. அதிபர்மாருக்கு இதை விடப் பெரிய தலையிடி கிடையாது.

3. நோ பே லீவ். 2022ல டொலர் 200ல இருந்து 360 வரைக்கும் போன நேரம் அரசாங்கமே ஜூன்ல சுற்றறிக்கை விட்டது, அரச ஊழியர் வெளிநாட்டுல வேலை செய்ய அஞ்சு வருஷம் வரைக்கும் சம்பளமில்லா லீவு எடுக்கலாம், சீனியோரிட்டியும் பென்ஷனும் போகாது எண்டு. வேலை தேடிக்கொள்ளக்கூடியவங்க இங்கிலிஷ் தெரிஞ்சவங்களும் விஞ்ஞானம் படிச்சவங்களும்தான், அதாவது இங்க தட்டுப்பாடு இருக்கிற அதே பாடத்து ஆக்கள்.

4. உடம்பு இங்க, மனசு அங்க. வகுப்புல நிக்கிறாங்க, ஆனா முழு மூச்சும் பின்னேர டியூஷனுக்கு. இதைத் திட்டுறது லேசு. பல மாகாணங்கள்ல தங்கட மாணவருக்கே காசுக்குப் படிப்பிக்கக் கூடாது எண்டு சுற்றறிக்கையும் வந்தது, அது சரியான விதிதான். ஆனா டியூஷன் காசு இல்லாட்டி வாடகை குடுக்க ஏலாது எண்ட நிலைமையில ஒரு ஆளை வெச்சிட்டு, தடை மட்டும் போட்டா அது பேப்பரோட நிண்டுரும்.

இதோட ஓய்வு வயசையும் சேர்த்துக்கொள்ளுங்க. 2022 தொடக்கத்துல அரச ஊழியருக்கு 65 எண்டாங்க, அதே வருஷம் மனசை மாத்தி டிசம்பர் 31ஓட 60 எண்டாங்க. 60 தாண்டி இருந்த அனுபவமான ஆக்கள் ஒரே நாள்ல வெளிய போனாங்க. நல்ல கணித டீச்சர் ஒருத்தர உருவாக்க பத்துப் பதினைஞ்சு வருஷம் போகும், வெளிய அனுப்ப ஒரு சுற்றறிக்கை போதும்.

சம்பளம்: 1997ல இருந்து இழுபடுற விஷயம்

செய்தியில வர்ற "சம்பள முரண்பாடு" எண்டா என்ன? 1997ல பீ.சி. பெரேரா சம்பளக் குழுவோட பரிந்துரைக்குப் பிறகு ஆசிரியர், அதிபர் சம்பளம் அதே தகுதி உள்ள மத்த அரச சேவைகளை விட பின்னால போயிட்டுது எண்டதுதான் தொழிற்சங்கங்களோட குற்றச்சாட்டு. அது 24 வருஷம் தீராமக் கிடந்தது. பிறகு சுபோதினி குழு எண்டு ஒண்டு போட்டு அது ஒரு தீர்வு சொன்னது.

2021 ஜூலை 12ஆம் திகதி ஒன்லைன் வகுப்புகள்ல இருந்து டீச்சர்மார் விலகினாங்க, ஒக்டோபர் 25 வரைக்கும் போனது, நூறு நாளுக்கு மேல. முடிவுல என்ன கிடைச்சது எண்டா, கேட்டதுல மூண்டுல ஒரு பங்கு, 2022 ஜனவரியில இருந்து. மிச்ச மூண்டுல ரெண்டு பங்கு எங்க எண்டதுதான் அதுக்குப் பிறகு நடந்த போராட்டங்களோட கோஷம், 2024 ஜூன் 26ஆம் திகதி கொழும்புல கண்ணீர்ப்புகை அடிச்ச அண்டைக்கும் இதே கோரிக்கைதான்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்டு இருக்கு. மூண்டுல ஒரு பங்கு கையில வந்து நாலு மாசத்துல ரூபா விழுந்தது. கூட்டின காசு கூட்டின மாதிரியே தெரியாமப் போயிட்டுது.

2025 பட்ஜெட்ல அரச சேவையில ஆகக் குறைஞ்ச அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவுல இருந்து 40,000 ஆச்சு. இதை வாசிச்ச நிறையப் பேர் எல்லாருக்கும் ஒரே அடியா 15,750 கூடிட்டுது எண்டு நினைச்சாங்க. அப்பிடி இல்ல. முதல்ல இருந்த 7,500 ரூபா அலவன்ஸ்களை அடிப்படைச் சம்பளத்துக்குள்ள சேர்த்ததால ஆகக் கீழ்ப் படியில உண்மையில கூடினது 8,250. அதுவும் மூண்டு தவணையா: 2025 ஏப்ரல்ல 5,000 ரூபாவும் மிச்சத்துல 30 சதவீதமும், பிறகு 2026 ஜனவரி, 2027 ஜனவரி எண்டு பாக்கி. டீச்சர் இந்த ஆகக் கீழ்ப் படியில இல்ல, அவங்களுக்குக் கூடினது தரத்துக்கு ஏற்ப மாறும். ஆனா அடிப்படைச் சம்பளம் கூடினா பென்ஷனும் அதோட கூடும், அதால அலவன்ஸை உள்ளுக்குக் கொண்டுவந்தது நீண்ட காலத்துக்கு நல்ல வேலை.

சம்பளம் மட்டுமா?

இல்ல. அமெரிக்காவுல ரிச்சர்ட் இங்கர்சோல் எண்ட ஆய்வாளர் இருபது வருஷத்துக்கு மேல இதையே பார்த்தவர். அவர் கண்டது, புது ஆசிரியர்கள்ல 44 சதவீதம் முதல் அஞ்சு வருஷத்துக்குள்ள வேலைய விடுறாங்க. அதிருப்தியில போனவங்ககிட்ட காரணம் கேட்டா சம்பளம் வருது, ஆனா அதோட சேர்ந்து நிர்வாகம் துணை நிக்கல, பிள்ளைகள் ஒழுங்குப் பிரச்சினை, முடிவு எடுக்கேக்க எங்களை யாரும் கேக்கல எண்டதும் அதே அளவுக்கு வருது. அதால புதுசு புதுசா ஆள் சேர்த்துத் தட்டுப்பாட்டை அடைக்க ஏலாது, ஓட்டை வாளியில தண்ணி ஊத்துற மாதிரி எண்டுறது அவரோட முடிவு.

1966லேயே சர்வதேச தொழில் அமைப்பும் யுனெஸ்கோவும் சேர்ந்து ஆசிரியர் அந்தஸ்து பற்றி ஒரு பரிந்துரை எழுதினாங்க, ஒக்டோபர் 5 உலக ஆசிரியர் தினம் அதோட நினைவாத்தான் (நாங்க 6ஆம் திகதி கொண்டாடுறோம்). அதுல சம்பளத்தோட வகுப்புல எத்தனை பிள்ளை, வேலை நேரம், வேற வேலைச் சுமை, தொழில் சுதந்திரம் எல்லாம் இருக்கு. வேலைச் சூழல் எண்டு இந்தக் கட்டுரையில சொல்றது இந்த முழுத் தொகுதியையும்தான்.

நம்ம ஸ்கூல்கள்ல அது எப்பிடி இருக்கு எண்டு கிட்டப் போய்ப் பாருங்க. காலையில 7.30க்கு முன்ன சைன் பண்ணணும். நேர அட்டவணையில ஒரு நாளைக்கு ஏழெட்டு பீரியட். ஒரு டீச்சருக்கு அதுல ரெண்டு ஃப்ரீ இருக்கு எண்டு வைங்க, கொப்பி திருத்தலாம் எண்டு சிவப்புப் பேனையோட உக்காருவாங்க, அந்த நேரம் ரிலீஃப் புத்தகம் வரும். வராத டீச்சரோட வகுப்புக்குப் போய் நிக்கணும், அது வேற பாடம், படிப்பிக்கவும் ஏலாது, பிள்ளைகளைச் சத்தம் போடாமப் பார்க்கிறதுதான் வேலை. கொப்பிக் கட்டு பையில வீட்டுக்குப் போகும். டெங்கு சுத்தம், விளையாட்டுப் போட்டி, பாடசாலை மட்டக் கணிப்பீட்டு புள்ளிகள், ஒபிஸ்ல கேட்ட டேட்டா, அதுவும் கேட்டது நேத்து இரவு வாட்ஸ்அப்ல, இண்டைக்கு 10 மணிக்குள்ள வேணுமாம். சின்ன ஸ்கூல்கள்ல கிளார்க் இல்ல, அந்த வேலையும் டீச்சர்ட தலையில. மார்க்கர், ஃபோட்டோ கொப்பி, வகுப்பு அலங்காரம் பல நேரம் சொந்தக் காசு.

பொம்பிளை டீச்சர்மார்தான் இந்தச் சேவையில பெரும்பான்மை. அவங்களுக்குச் சுத்தமான டொய்லெட், குடிக்கத் தண்ணி, கைக்குழந்தையோட வேலைக்கு வாறவங்களுக்கு ஒரு வசதி, இதெல்லாம் அவசியத் தேவை. 2022 நவம்பர்ல சில டீச்சர்மார் சாறி இல்லாம வேற உடுப்போட ஸ்கூலுக்குப் போனப்ப நாடே அந்த உடுப்பைப் பற்றித்தான் கதைச்சது. பஸ் காசு கூடி, சாறி விலை கூடி, நெரிசல்ல தொங்கிட்டு வாற ஆள் ஏன் அப்பிடிக் கேட்டாங்க எண்டது அந்தச் சத்தத்துல அமுங்கிட்டுது.

மலையகத்துல நடந்ததை ஒரு பாடமா எடுத்தா

தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் 1970களிலதான் பொறுப்பெடுக்கத் தொடங்கினது, அதால ஓட்டமே பிந்தித் தொடங்கின ஓட்டம். நீண்ட காலம் அங்க படிப்பிச்சதுல பெரிய பங்கு வடக்குக் கிழக்கு ஆசிரியர்கள். அவங்க செய்த சேவை பெருசு. ஆனா மட்டக்களப்புல இருந்து வந்து ஹட்டன்ல போடிங் எடுத்துத் தங்குற ஒரு டீச்சரை நினைச்சுப் பாருங்க. போடிங் காசு, சந்தி வரைக்கும் பஸ், பஸ் போகாத தூரத்துக்கு ஓட்டோ, மழை நாள்ல ரோட்டும் இல்ல. வெள்ளிக்கிழமை ஸ்கூல் விட்டதும் வெளிக்கிட்டா கண்டி, மஹியங்கனை தாண்டி நடுச்சாமம் வீடு, ஞாயிறு திரும்பவும் பஸ். பிள்ளை ஊர்ல அம்மம்மாவோட. இவங்க ட்ரான்ஸ்ஃபர் கேட்டா அதைப் பிழை எண்டு சொல்ல யாருக்கும் உரிமை இல்ல.

அப்ப உள்ளூர் ஆக்களையே டீச்சரா எடுத்தா என்ன? சரியான யோசனை, அதுக்கு எண்டே பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கு. 2015ஐ ஒட்டி இன்னொரு திட்டமும் வந்தது, தோட்டப் பாடசாலைகளுக்கு அங்கத்தைய இளைஞர் யுவதிகள் 3,000 பேர் அளவுல ஆசிரியர் உதவியாளர் எண்டு எடுத்தாங்க. ஆனா மாசக் கொடுப்பனவு 6,000 ரூபா. பிறகு 10,000. முழு டீச்சர் செய்ற அதே வேலை, அதே பீரியட், நிரந்தரமாக்க வருஷக்கணக்கா காத்திருப்பு. ஊரை விட்டுப் போகமாட்டாங்க எண்ட நம்பிக்கையிலதான் அவங்களை எடுத்தது, அவங்க போகாம இருக்கிறதையே காரணமா வெச்சு ஆகக் குறைவா குடுத்ததும் நடந்தது. இதை நான் அநியாயம் எண்டுதான் சொல்லுவேன்.

விளைவு யார் தலையில?

காசு உள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஸ்கூல்ல கணித டீச்சர் மாறினாலும் வெள்ளவத்தையில நாலு டியூட்டரி இருக்கு. தோட்டத்துப் பிள்ளைக்கும் முல்லைத்தீவுப் பிள்ளைக்கும் ஸ்கூல் மட்டும்தான். தரம் 10ல பாதியில டீச்சர் போனா, பதிலுக்கு ஆள் வர ஒரு தவணை போனா, ஓ லெவல்ல கணிதம் ஃபெயில். கணிதம் ஃபெயில் எண்டா ஏ லெவல் விஞ்ஞானப் பிரிவுக் கதவு பூட்டு. விஞ்ஞானப் பிரிவுக்கு ஆள் போகாட்டி பத்து வருஷம் கழிச்சு அந்த ஊர்ல இருந்து விஞ்ஞான டீச்சர் வரப்போறதில்ல, திரும்பவும் வெளியூர் ஆளைத்தான் கொண்டுவரணும், அவரும் ட்ரான்ஸ்ஃபர் கேப்பார். இந்தச் சுற்று இப்பிடியேதான் சுத்துது.

என்ன செய்தா நிப்பாங்க?

1. இடமாற்றத்துக்கு நம்பக்கூடிய திகதி. கட்டாய காலம் முடிஞ்சு ட்ரான்ஸ்ஃபர் லெட்டர் கையில வந்தாலும் "பதில் ஆள் வந்தாத்தான் ரிலீஸ்" எண்டு பிடிச்சு வைக்கிறது சாதாரணம். வெளிய வரவே ஏலாது எண்டு தெரிஞ்சா யாரும் உள்ளுக்குப் போகமாட்டாங்க, அரசியல்வாதிட்ட கடிதம் வாங்கி முதலே தப்பிக்கப் பார்ப்பாங்க. மூண்டு வருஷம் எண்டா மூண்டு வருஷம். அந்தத் திகதிக்கு பதில் ஆளைத் தேடுறது வலயத்தோட பொறுப்பு, அந்த டீச்சரோட பொறுப்பு இல்ல. காசு பெருசா செலவாகாத வேலை இது, எனக்கு இதுதான் முதல்ல செய்யவேண்டியது.

2. தங்க இடம். கஷ்டப் பிரதேச அலவன்ஸை ரெண்டாயிரம் மூவாயிரத்தால கூட்டுறதை விட பூட்டுப் போடக்கூடிய அறை, தண்ணி, கரண்ட் உள்ள ஆசிரியர் விடுதி கட்டினா, முக்கியமா தனிய வர்ற பொம்பிளைப் பிள்ளைகள் நிப்பாங்க. பல இடத்துல கட்டிடம் இருக்கு, கூரை இல்ல.

3. முதல் ரெண்டு வருஷம் லேசான அட்டவணை. இங்கிலாந்துல 2021ல இருந்து புது டீச்சருக்கு ரெண்டு வருஷப் பயிற்சிக்காலம், முதல் வருஷம் 10 சதவீதம், ரெண்டாம் வருஷம் 5 சதவீதம் பாட நேரம் குறைவு, பக்கத்துல வழிகாட்ட ஒரு சீனியரும் உண்டு. இங்க நடக்கிறது தலைகீழ், யாரும் எடுக்காத வகுப்பு, யாரும் போகாத ஸ்கூல், ரெண்டும் புது ஆளுக்கு.

4. ஒபிஸ் வேலையை ஒபிஸ் ஆளிட்ட. ஸ்கூல்கள்ல அபிவிருத்தி உத்தியோகத்தர்களா பட்டதாரிகள் நிறையப் பேர் ஏற்கனவே இருக்கிறாங்க. அவங்களை டீச்சரா உள்வாங்குறதா இல்லையா எண்ட பிரச்சினை ஒரு பக்கம் போகட்டும், அதுவரைக்கும் டேட்டா வேலை யாருடையது எண்டாவது எழுத்துல இருக்கணும்.

5. பதவி உயர்வும் நிலுவையும் நேரத்துக்கு. வினைத்திறன் தடைகாண் பரீட்சை பாஸ் பண்ணி, தரம் கூடி, அதுக்கான எரியர்ஸ் வர வருஷம் போனா அந்த உயர்வுக்கு அர்த்தமில்ல.

6. நிரந்தர அதிபர். கடமை நிறைவேற்று அதிபரை வெச்சே ஓட்டுற ஸ்கூல்கள்ல நேர அட்டவணையில இருந்து ஒழுங்கு வரைக்கும் யாரும் தைரியமா முடிவெடுக்கமாட்டாங்க, டீச்சருக்குத் துணையும் இருக்காது.

இதுக்கெல்லாம் காசு எங்க எண்டா, இலங்கை கல்விக்குச் செலவழிக்கிறது மொத்த உள்நாட்டு உற்பத்தியில 2 சதவீதத்துக்கும் கீழ. சர்வதேச அளவுல சொல்ற அளவுகோல் 4ல இருந்து 6 சதவீதம். இந்த இடைவெளியை ஒரு வருஷத்துல மூட ஏலாது எண்டு எனக்கும் தெரியும், ஆனா மேல சொன்னதுல ஒண்டும் நாலும் அஞ்சும் காசை விட நிர்வாக ஒழுங்கைத்தான் கேக்குது.

கொழும்புல இன்டர்நெஷனல் ஸ்கூல் பக்கம்

கொழும்பு வாசகர்கள்ல பல பேரோட பிள்ளைகள் இதுலதான். இந்த ஸ்கூல்கள் கம்பனிச் சட்டத்துல பதிவான நிறுவனங்கள், அதால டீச்சருக்கு அரச பென்ஷன் இல்ல, இருக்கிறது ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி), ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி). ஊழியர் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம் ஈபிஎஃப்க்கு, முதலாளி இன்னும் 3 சதவீதம் ஈடிஎஃப்க்கு. இது சட்டம், சலுகை இல்ல. அரசாங்க ஸ்கூல்ல ஆளைப் பிடிச்சு வைக்கிற பென்ஷன் இங்க இல்லாததால இங்க போறவங்க உண்மையாவே போயிருவாங்க, வேற ஸ்கூலுக்கு, மாலைதீவுக்கு, டுபாய்க்கு, இல்லாட்டி கல்யாணத்தோட வீட்டுக்கு. ஏப்ரல்ல ஒரு மிஸ், செப்டம்பர்ல வேற மிஸ்.

அட்மிஷனுக்குப் போகேக்க நாங்க ஏசி இருக்கா, ஸ்விமிங் பூல் இருக்கா எண்டு கேக்கிறோம். அதோட ரெண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்க: இந்த கிரேட்ல படிப்பிக்கிற டீச்சர்மார் எத்தனை வருஷமா இங்க இருக்கிறாங்க, அவங்க எல்லாருக்கும் நியமனக் கடிதமும் ஈபிஎஃப்பும் இருக்கா. ரெண்டாவது கேள்விக்கு ரிசப்ஷன்ல பதில் வராட்டி பிரின்சிபல்ட கேளுங்க.